டீச்சர், என் பிள்ளைக்கு எப்போதும் விளையாட்டுதான்!

ஆறு வயதுக்குள் பிள்ளைக்கு என்ன கற்றுக்கொடுப்பது என்ற சந்தேகங்களைச் சென்ற மாதம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: "எந்நேரமும் விளையாட்டு!" பால்வாடி, நர்சரி, அப்புறம் ஆசிரியர் பயிற்சி என்று முப்பது வருஷத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்தே காலம் கழித்த ஆசிரியை பதில் சொல்கிறார்.

*

மகளுக்கு மூன்றரை வயது, ப்ரீ கேஜி போகிறாள். தினமும் ஒரு பக்கம் ஏ, பி, சி, டி எழுதிவரச் சொல்கிறார்கள். பென்சிலைப் பார்த்தாலே அழுகை. பக்கத்து வீட்டுப் பையனுக்கும் அதே வயதுதான், ஐம்பது வரை எழுதுகிறான். இவளோ சொப்புச் சாமானை வைத்துக்கொண்டு நாள் முழுக்கச் சமைக்கிறாள். பின்தங்கிவிட்டாளா?
– ஒரு வாசகி, திருப்பூர்

இல்லை அம்மா. பின்தங்க அவள் இன்னும் எந்தப் பந்தயத்திலும் ஓட ஆரம்பிக்கவில்லை, அந்த ஒரு பக்கத்தைக் கொடுக்கிறவர்கள்தான் அவசரப்படுகிறார்கள்.

நம் மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள் உண்டு. பிறந்த குழந்தையின் கையை எக்ஸ்ரே எடுத்தால் அந்த எட்டில் ஒன்றுகூடத் தெரியாது, எல்லாமே அப்போது குருத்தெலும்பு. வருஷத்துக்கு ஒன்று என்கிற கணக்கில் ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு, கடைசி எலும்பு வர ஒன்பது, பத்து வயதுகூட ஆகும். கையின் மேல் பிள்ளைக்கு உள்ள பிடிமானமும் அதே மாதிரி மெதுவாக வருவதுதான், முதலில் தோள், அப்புறம் முழங்கை, மணிக்கட்டு, எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் விரல்நுனி. இரண்டு வயதுப் பிள்ளை சுவரில் கிறுக்குவதைக் கவனித்திருப்பீர்கள், தோளிலிருந்து மொத்தக் கையையும் ஆட்டிக் கிறுக்கும். மூன்றரை வயதில் நாலு கோட்டு நோட்டுக்குள் அடங்கி எழுது என்பது, கிணற்றில் தண்ணீர் ஊறுவதற்கு முன்னாலேயே வாளியை இறக்கிச் சத்தம் கேட்பது மாதிரி.

சரி, சொப்புக்கு வருகிறேன். குட்டி மூடியைத் திருகித் திறக்கிறாள், இரண்டு விரலால் கடுகைப் பொறுக்கிப் போடுகிறாள், தண்ணீரைச் சிந்தாமல் ஊற்றப் பார்க்கிறாள். பென்சில் பிடிக்கப்போகிற அதே விரல்களுக்குத்தான் இத்தனை வேலையும். இன்னொன்றும் நடக்கிறது. ஒரு பூவரச இலையைக் கிள்ளி வைத்து "இந்தாம்மா அப்பளம்" என்கிறாளா? இலை இலையாகவே இருக்க, அது வேறொன்றைக் குறிக்கும் என்று அவள் மனசு ஒத்துக்கொண்டுவிட்டது. எழுத்து என்பதும் அதுதானே, ஒரு வளைவும் ஒரு கோடும் ஒரு சத்தத்தைக் குறிப்பது! குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுகிற குழந்தையைப் பற்றி வைகாட்ஸ்கி என்ற ரஷ்ய உளவியலாளர் 1930-களிலேயே இதைச் சொல்லிவிட்டார். நம் ஊர் நோட்டுப் புத்தகங்களுக்குத்தான் இன்னும் சேதி போய்ச் சேரவில்லை.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒரு சின்னச் சோதனை வையுங்கள் (அவன் அம்மாவிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், நான் சொன்னேன் என்று சண்டை வேண்டாம்). ஆறு புளியங்கொட்டையை ஒரு வரிசையாகவும், அதற்கு நேர் எதிரே இன்னொரு ஆறையும் அடுக்கி, எதில் அதிகம் என்று கேளுங்கள். இரண்டும் ஒன்றுதான் என்பான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசையை மட்டும் நகர்த்தி நீளமாக்கிவிட்டு மறுபடி கேளுங்கள். நாலு வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நீளமான வரிசையில்தான் அதிகம் என்று அடித்துச் சொல்வார்கள். பியாஜே என்ற சுவிஸ் அறிஞர் செய்துகாட்டிய பழைய சோதனை இது. ஐம்பது வரை எழுதுகிற கை ஆறு எத்தனை என்று தடுமாறும். ஒப்பிக்கிற எண் வேறு, கையில் எண்ணிப் பழகிய எண் வேறு, இரண்டாவது வருவதற்கு ஒவ்வொன்றாக எடுத்து, வைத்து, பங்கு போட்டு விளையாடியாக வேண்டும்.

பள்ளியில் பேசிப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் வீட்டுப்பாடத்துக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஒதுக்காதீர்கள், மீதிப் பக்கம் காலியாகவே போகட்டும். (இடது கையால் கோணல்மாணலாகத் தானே எழுதி அனுப்பிவிட்ட அம்மாக்களை எனக்குத் தெரியும், அவர்களைத் திட்ட எனக்கு மனசு வந்ததில்லை.) அதற்குப் பதில் சப்பாத்தி மாவில் ஒரு உருண்டை கொடுங்கள், கீரை ஆயும்போது பக்கத்தில் உட்காரவையுங்கள், தட்டில் அரிசி மாவைப் பரப்பி விரலால் கோடு இழுக்கச் சொல்லுங்கள், மொட்டைமாடியில் பழைய பெயின்ட் பிரஷ்ஷும் ஒரு டம்ளர் தண்ணீரும் போதும், சுவர் முழுக்க அவள் எழுத்துதான், வெயில் வந்து அழித்துவிடும்.

நான் வேலை பார்த்த ஒரு நர்சரியில் வாசலில் "விளையாட்டு முறைக் கல்வி" என்று பெரிய பலகை இருந்தது. பொம்மைகளெல்லாம் கண்ணாடி அலமாரிக்குள். சாவி தாளாளர் அறையில். அட்மிஷன் மாதத்தில் மட்டும் திறப்பார்கள். அதனால் பலகையைப் பார்த்துப் பள்ளிக்கூடம் சேர்க்காதீர்கள், பொம்மைகள் அழுக்காகவும் மூலை தேய்ந்தும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

*

விளையாடினாலே எல்லாம் வந்துவிடும் என்றால் டீச்சர் எதற்கு, ஃபீஸ் எதற்கு? தெருவிலேயே விட்டுவிடலாமே?
– ஒரு தந்தை, கோயம்புத்தூர்

கோபமாகக் கேட்டாலும் நியாயமான கேள்வி. எல்லாம் வந்துவிடாது. விளையாட்டுவழிக் கல்விக்காரர்களில் சிலர் இதை ஒத்துக்கொள்ளத் தயங்குவார்கள், எனக்குத் தயக்கம் இல்லை.

2013-ல் அமெரிக்காவில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முக்கோணம், செவ்வகம் மாதிரி வடிவங்கள்தான் பாடம். ஒரு குழுவுக்குப் பெரியவர் விளக்கிச் சொன்னார், பிள்ளைகள் கேட்டார்கள். இன்னொரு குழுவைத் தன் போக்கில் விளையாட விட்டுவிட்டார்கள். மூன்றாவது குழுவில் பிள்ளைகள் துப்பறிகிற மாதிரி விளையாட, பெரியவர் கூட இருந்து "இதுக்கும் அதுக்கும் என்ன ஒற்றுமை?" என்று கேட்டுக்கொண்டே போனார். மூன்றாவது குழுதான் முந்தியது. ஒல்லியாக, தலைகீழாக, சாய்வாகக் கிடந்த முக்கோணத்தைக்கூட முக்கோணம் என்று அடையாளம் கண்டார்கள். தன் போக்கில் விடப்பட்ட பிள்ளைகள் வடிவங்களைப் பற்றி அதிகம் கற்றுக்கொள்ளவில்லை. பின்னால் 2022-ல் 39 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததிலும், ஆரம்பக் கணக்கு, வடிவ அறிவு, ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு மனசை மாற்றிக்கொள்வது ஆகியவற்றில் நேரடியாகப் பாடம் சொல்வதைவிட இந்த வழிகாட்டும் விளையாட்டு ஒரு படி மேலே இருந்தது.

அப்படியானால் டீச்சருக்கு என்ன வேலை? கடை விளையாட்டு நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொடியன் கொட்டாங்குச்சித் தராசில் மணலை வைத்து "சீனி, சீனி" என்று விற்கிறான். நல்ல டீச்சர் போய், "அண்ணே, அரைக் கிலோதான் கேட்டேன், இது கூட இருக்கே?" என்பார். அவ்வளவுதான், அடுத்த பத்து நிமிஷம் அவன் தட்டைப் பார்த்துப் பார்த்து மணலை எடுப்பதும் போடுவதுமாக இருப்பான். மோசமான டீச்சர் விளையாட்டை நிறுத்தி "ஒரு கிலோ எத்தனை கிராம், எல்லாரும் சொல்லுங்க" என்பார். இன்னொரு மோசமான டீச்சர் மூலையில் உட்கார்ந்து போன் பார்ப்பார். அடுத்து என்ன நடக்கப்போகிறது என்பது பிள்ளையின் கையில் இருக்க வேண்டும், எதை அருகில் வைப்பது, எப்போது வாயைத் திறப்பது என்பது பெரியவர் கையில். இது சொல்ல எளிது, எனக்குப் பழக ஏழெட்டு வருஷம் ஆனது. நீங்கள் கட்டுகிற ஃபீஸ் அதற்குத்தான்.

சீக்கிரம் ஆரம்பித்தால் லாபம் என்று நினைப்பவர்கள் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் கதையைக் கேட்க வேண்டும். அங்கே அரசு நடத்தும் முன்பருவப் பள்ளியில் குலுக்கலில் இடம் கிடைத்த பிள்ளைகளையும் கிடைக்காதவர்களையும் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள், கிட்டத்தட்ட மூவாயிரம் பேர். தொடக்கத்தில் இடம் கிடைத்தவர்கள் முன்னால். ஆறாம் வகுப்பு வந்தபோது அவர்கள்தான் மதிப்பெண்ணில் பின்னால், ஒழுங்கு நடவடிக்கைகளும் அவர்கள் மேல்தான் அதிகம். 2022-ல் முடிவு வெளியானது. காரணம் எது என்பதில் வாதம் ஓயவில்லை. நாலு வயதுப் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்தும் எண்ணும் ஓட்டியதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள், என் மனசும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது.

*

நான் அங்கன்வாடிப் பணியாளர். "அங்கே என்ன, சோறு போட்டுத் தூங்க வைப்பாங்க, பாட்டுப் பாடுவாங்க" என்று சொல்லி, மூன்று வயது முடிந்ததுமே வேனில் ஏற்றி நர்சரிக்கு அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளைகள் குறைகிறார்கள். என்ன சொல்லிப் புரியவைப்பது?
– விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒருவர்

டீச்சர், வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது, நான் முயன்று தோற்றிருக்கிறேன்.

முதலில் உங்களுக்கே ஒரு தெம்புக்காகக் கொஞ்சம் பழங்கதை. தாராபாய் மோடக் என்ற அம்மையார் 1945-ல் மகாராஷ்டிரத்தின் போர்டி என்ற கடலோர ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பாலர் பள்ளி ஆரம்பித்தார். பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை என்றதும், பள்ளியையே அவர்கள் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுபோனார். அங்கன் என்றால் முற்றம், இன்றைக்கு உங்கள் மையத்தின் பெயரில் இருப்பது அந்த முற்றம்தான். உடன் இருந்தவர் அனுதாய் வாக். விலை உயர்ந்த மான்டிசோரி உபகரணங்களுக்குப் பதிலாக இலை, விதை, கல், கிளிஞ்சல். ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டம் 1975 அக்டோபர் 2-ல் வந்தபோது, சத்துணவோடும் தடுப்பூசியோடும் முன்பருவக் கல்வியும் அதில் ஒரு பணியாகவே எழுதப்பட்டது. நம் மாநிலத்தில் இப்போது ஐம்பத்து நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள். 2019 ஜனவரியில் அரசுப் பள்ளி வளாகத்தில் இருந்த 2,381 மையங்களில் எல்கேஜி, யுகேஜி தொடங்கியதுகூட வேனில் ஏறுகிற பிள்ளைகளைத் திருப்பத்தான்.

பெற்றோர் சொல்வதில் உண்மையே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியாது. சோறும் தூக்கமும் மட்டும் நடக்கிற மையங்களைப் பார்த்திருக்கிறேன். எடை போட்டு, உயரம் பார்த்து, பதிவேடு எழுதி, செல்போனில் ஏற்றி, ஊர்வலம் போய், கூட்டத்துக்குப் போய் முடித்த பிறகு ஒரு பணியாளருக்குக் கதை சொல்லத் தெம்பு எங்கே இருக்கும்? இதை மேலே இருப்பவர்கள் சரிசெய்ய வேண்டும், உங்களைக் குறை சொல்லிப் புண்ணியம் இல்லை.

ஆனாலும் ஒன்று செய்து பாருங்கள், எனக்குப் பலித்தது. மாதத்தில் ஒரு நாள், நூறு நாள் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, அம்மாக்களையும் ஆயாக்களையும் வரச் சொல்லுங்கள். பேசாதீர்கள், விளையாட வையுங்கள். "காக்கா பற பற" என்றால் கையைத் தூக்க வேண்டும், "மாடு பற பற" என்றால் தூக்கக் கூடாது, அந்த விளையாட்டு. பெரியவர்கள் எல்லாருமே மாட்டைப் பறக்க விடுவார்கள், ஒரே சிரிப்பு. அப்போது மெதுவாகச் சொல்லுங்கள்: தூக்க வந்த கையை அடக்கினீர்களே, அதுதான் நாளைக்கு வகுப்பில் பதில் தெரிந்தும் தன் முறை வரும்வரை காத்திருக்கிற பொறுமை, இதைப் பிள்ளைக்கு வேறு எந்த நோட்டில் எழுதிக் கொடுப்பது? அதோடு, சாயங்காலம் பிள்ளையை அழைத்துப்போக வருபவரிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அனுப்புங்கள். "இன்னிக்கு விளையாடினான்" என்று வேண்டாம். "இன்னிக்கு பெரிய கொட்டை, சின்னக் கொட்டைன்னு தானாவே பிரிச்சு வச்சான், நீங்க வீட்டுல வெங்காயம் கொடுத்துப் பாருங்க." வீட்டில் போய்க் கொடுத்துப் பார்ப்பார்கள். வேன்காரருக்கு இப்படி ஒரு வாக்கியம் தெரியாது.

*

ஓய்வுபெற்ற தமிழாசிரியன் நான். இந்த விளையாட்டுவழிக் கற்றல் என்பது இறக்குமதிச் சரக்கா, நம்மிடம் இல்லாததா? என் மகன் பேரனுக்கு மூட்டை மூட்டையாக 'மான்டிசோரி பொம்மை' என்று ஆன்லைனில் வாங்கிக் குவிக்கிறான். பேரன் அது வந்த அட்டைப்பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறான்.
– சிவகங்கை வாசகர்

ஐயா, உங்கள் பேரன் புத்திசாலி, பெட்டி பஸ்ஸாகும், வீடாகும், பொம்மை பொம்மையாக மட்டும்தான் இருக்கும்.

உங்களுக்கே தெரிந்ததை நான் சொன்னால் கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதையாகிவிடும், இருந்தாலும் மற்ற வாசகர்களுக்காக. பிள்ளைத்தமிழின் பருவங்களை எடுத்துக்கொள்வோம். செங்கீரையில் குழந்தை கையை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணியில் இரண்டு கையும் சேர்ந்து கொட்டுகிறது. வருகையில் தளர்நடை. அம்புலியில் எட்டாத நிலாவைக் குழந்தையோடு விளையாட வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். சிற்றிலில் மணல்வீடு, அதைக் கலைப்பது, சண்டை. அப்புறம் சிறுபறை முழக்கி, சிறுதேர் உருட்டுவது. கழுத்து, கை, கால், கற்பனை, கூட்டு விளையாட்டு என்று குழந்தை மருத்துவர் ஒருவர் வரிசைப்படுத்தினாலும் கிட்டத்தட்ட இப்படித்தான் வரும். அதற்காக "எல்லாம் நாம் அன்றே சொல்லிவிட்டோம்" என்று நான் மார்தட்டமாட்டேன். புலவர்கள் தெய்வத்தையும் தலைவனையும் பாடினார்கள், வகுப்பறை அமைக்கவில்லை. கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

பள்ளியாக அமைத்தவர்களில் முன்னோடி ஜெர்மனிக்காரர் ஃப்ரோபெல், 1837-ல். நூல் பந்து, மர உருண்டை, கனசதுரம் என்று அவர் செய்து கொடுத்தவைதான் இன்றைய கட்டைப் பெட்டிகளுக்கெல்லாம் மூதாதை. கிண்டர்கார்டன் என்று அவர் வைத்த பெயருக்குக் குழந்தைகள் தோட்டம் என்று பொருள். மரியா மான்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழைகள் குடியிருப்பில் தொடங்கியவர். 1939-ல் பயிற்சி நடத்த அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தார், உலகப் போரில் மாட்டிக்கொண்டு பல வருஷம் இங்கேயே தங்கினார், அதில் கொஞ்ச காலம் கொடைக்கானலில். உங்கள் மகனிடம் இதைச் சொல்லுங்கள்: அந்த அம்மையார் கற்பனை விளையாட்டைப் பெரிதாக ஆதரித்தவரே அல்ல. குழந்தை செய்வதை 'வேலை' என்றுதான் சொன்னார், நிஜத் தண்ணீரை நிஜக் குவளையில் ஊற்றச் சொன்னார். இப்போது பேட்டரி போட்டால் பாட்டுப் பாடுகிற பொம்மைக்கும் அவர் பெயரை ஒட்டி விற்கிறார்கள்.

மூட்டையில் முக்கால்வாசியைப் பரணில் ஏற்றிவிடுங்கள், மாதம் ஒருமுறை மாற்றி இறக்கினால் புதுசு மாதிரியே இருக்கும். கீழே மரக்கட்டை, பந்து, மணல், தண்ணீர், பழைய துண்டு, ஒரு மரப்பாச்சி போதும். பல்லாங்குழி உங்கள் வீட்டில் இல்லாமலா இருக்கும்? நாலு வயதுக்கு மேல் கொடுங்கள், ஆட்ட விதியெல்லாம் வேண்டாம், குழிக்கு ஐந்து போடச் சொல்லுங்கள், அதுவே பெரிய கணக்கு. ஆனால் மூன்று வயதுக்குக் கீழே சோழி, புளியங்கொட்டை, கோலிக்குண்டு எதுவும் தனியாக விடும் பிள்ளையின் கையில் வேண்டாம், மூச்சுக்குழலில் போய் அடைத்துக்கொள்ளும். அதைவிட மோசம் பாட்டுப் பாடுகிற பொம்மைக்குள் இருக்கும் பொத்தான் பேட்டரி. விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் பொசுக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே, வெளியில் வரட்டும் என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தண்ணீரில் போட்டால் ஊதுகிற கலர் ஜெல்லி உருண்டைகளும் அப்படித்தான், வயிற்றுக்குள் போயும் ஊதும்.

*

மூன்று வயது மகன் கார் பொம்மைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கிறான். இது ஆட்டிசம் என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து தூக்கம் இல்லை.
– வாசகி, நாகர்கோவில்

வரிசையாக அடுக்குவது மட்டும் ஒன்றுமில்லை அம்மா, அந்த வயதில் நிறையப் பிள்ளைகளுக்கு அதில் ஓர் ஆசை. வேறு சிலவற்றைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா? வானத்தில் விமானம் போனால் விரலை நீட்டிக் காட்டி, நீங்களும் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? இரண்டு மூன்று சொல் சேர்த்துப் பேசுகிறானா? அடுக்கியதைக் கலைத்துவிட்டு "டிராஃபிக் ஜாம்!" என்று நீங்கள் கத்தினால் சிரிக்கிறானா, அல்லது தாங்கவே முடியாமல் வெகுநேரம் அழுகிறானா? முன்பு பேசிய சொற்களை விட்டுவிட்டானா? இவற்றில் எது உறுத்தினாலும் வீடியோ பார்க்காதீர்கள், குழந்தை மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. என்று கேட்டால் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தைக் காட்டுவார்கள், பரிசோதனையும் பயிற்சியும் இலவசம். "ஆம்பளப் பிள்ள லேட்டாத்தான் பேசும்" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். கேட்டுக்கொள்ளுங்கள், காத்திருக்காதீர்கள்.

*

போனில் கல்வி விளையாட்டுகள் ஆடினால் அதுவும் விளையாட்டுவழிக் கற்றல்தானே?
– சென்னை வாசகர்

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: இரண்டு வயதுக்குள் திரையே கூடாது, இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. மூன்று, நாலு வயதுப் பிள்ளை நாளுக்கு மூன்று மணி நேரமாவது உடம்பை அசைத்து ஆட வேண்டும். போனில் மாம்பழத்தைத் தொட்டால் 'மேங்கோ' என்று கத்தும், மணக்காது, வழுக்காது, சட்டையில் கறை படாது. கறை படுவதைத்தான் நான் கணக்கில் வைப்பேன்.

*

வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். மகளோடு விளையாட உட்கார்ந்தால் ஐந்தாவது நிமிஷம் எனக்குப் போரடிக்கிறது. ஒரே டீயை நாற்பது தடவை ஊற்றிக் கொடுக்கிறாள். நான் மோசமான அப்பாவா?
– பெயர் வேண்டாம், ஓசூர்

எனக்கும் போரடிக்கும் தம்பி, சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன், அதனால் வெளியே தெரியவில்லை.

நாள் முழுக்க உட்கார வேண்டாம். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பதினைந்து நிமிஷம், போனை வேறு அறையில் வைத்துவிட்டு உட்காருங்கள். யோசனை சொல்லாதீர்கள், கேள்வி கேட்டு நச்சரிக்காதீர்கள், அவள் என்ன வேஷம் கொடுக்கிறாளோ அதை ஏற்றுக்கொள்ளுங்கள். நாற்பத்தோராவது டீயில் மட்டும், "அய்யய்யோ, இதுல உப்பைப் போட்டுட்டீங்களேம்மா" என்று சொல்லிப் பாருங்கள். அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள்.